உதைக்கு ஒரு வேலை

என் வலது காறை எலும்பை உடைத்தது பஸ்தான், துப்பாக்கி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பொன்னேரியில் என்னைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் வேறு மாதிரித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பொம்பளை துப்பாக்கி தூக்கினால் தோள் உடையாமல் இருக்குமா என்று அவர்களுக்கு ஒரு திருப்தி. நடந்தது இவ்வளவுதான்: பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, நகர ஆரம்பித்த பஸ்ஸில் தாவி ஏறப் பார்த்தேன், ஏறவில்லை. ஓடவும் தாவவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் உடற்பயிற்சி ஆசிரியை பஸ் படியில் வழுக்கி விழுந்தாள் என்பதைவிட, துப்பாக்கி உதைத்து விழுந்தாள் என்பது எனக்கே கொஞ்சம் கௌரவமாகத்தான் இருந்திருக்கும்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கும்மிடிப்பூண்டியில் வயல்வெளிக்கு நடுவே புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் அங்கே ஓர் இரும்பு உருட்டாலையில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். எந்த இயந்திரம் முனகினாலும் எண்ணெய்க் குப்பியோடு போய் நிற்பது அவர் உத்தியோகம். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். கதவுக் கீல், கிணற்று உருளை, தையல் மெஷின், என் குடையின் கம்பி, எல்லாவற்றுக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய் போடுவார். எங்கள் வீட்டுக் கதவு திறப்பது யாருக்கும் கேட்காது. இரண்டு முறை பக்கத்து வீட்டுக்காரி திடீரென்று அடுப்படியில் வந்து நின்று என்னை அலற வைத்திருக்கிறாள்.

நான் சுட ஆரம்பித்தது கல்லூரியில், என்.சி.சி.யில், சின்ன ரைபிளில். கல்யாணத்துக்குப் பிறகு திருவள்ளூரில் ஒரு கிளப் இருப்பது தெரிந்து அதில் சேர்ந்தேன். பதினோரு ஆண்கள், நான் ஒருத்தி. திருப்பாச்சூர் தாண்டி ஒரு சின்ன ஏரி, பொங்கல் கழிந்ததும் வற்றிவிடும். வற்றிய ஏரியின் நடுவில் ஒரு குழி, குழிக்குள் வில் வைத்த ஒரு எறியும் யந்திரம். நாம் கரையோரம் துப்பாக்கியோடு நின்று குரல் கொடுத்தால், குழிக்குள்ளிருக்கும் ஆள் பிடியை இழுப்பான். சாஸர் அளவில் ஒரு மண்தட்டு வானத்தில் பாய்ந்து போகும். அது கீழே விழுவதற்குள் சுட வேண்டும். ரைபிளில் ஒரே ஒரு குண்டு போகும். இந்த ஷாட்கன்னில் தோட்டாவுக்குள் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ரவைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், விரிந்துகொண்டு போகும். பட்டால் தட்டு இருந்த இடத்தில் ஒரு பிடி செம்மண் தூள் தொங்கும். அந்தத் தூளைப் பார்ப்பதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? வேறு எதிலும் அந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசாமல், யாரையும் கெஞ்சாமல், நானே பார்த்து நானே செய்த காரியம் அது.

தட்டுகளை ஊர்க் குயவரிடம் சொல்லிச் செய்வித்தோம். அவருக்கு அது பெரிய பேஜார். தான் செய்வது உடையக் கூடாது என்றே வாழ்நாள் முழுக்க வேலை செய்த மனிதரிடம், உடைய வேண்டும், ஆனால் எறியும்போது உடையக் கூடாது என்று கேட்டால் என்ன செய்வார்? நன்றாகச் சுட்டுத் தந்தால் ரவை பட்டு டிங் என்று சத்தம் வரும், தட்டு முழுசாகப் போய்ச் சேரும். அரைகுறையாகச் சுட்டுத் தந்தால் குழிக்குள்ளேயே நொறுங்கி யந்திரக்காரன் தலையில் கொட்டும். மூன்று சூளைக்குப் பிறகுதான் பதம் பிடிபட்டது.

என் வீட்டுக்காரர் சுட மாட்டார். கூட வருவார், கருவேல மர நிழலில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருப்பார். உருட்டாலையில் பழுத்த கம்பி பாம்பாய் நெளிந்து ஓடும் இடத்தில் அசையாமல் நிற்கும் மனிதர், ஒவ்வொரு வெடிக்கும் பேப்பரோடு சேர்ந்து ஒரு துள்ளு துள்ளுவார். கிளப்பில் எல்லோரும் அதை வைத்து அவரைக் கிண்டல் செய்வார்கள். நானும்தான்.

எலும்பு கூடியதும் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, சேர்ந்த இடம் கொஞ்சம் கோணல் என்றார். இதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தால் கை தோளுக்கு மேல் எழும்பாது என்றார். கை தூக்க முடியாத டிரில் டீச்சரை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்? இருந்தாலும் கேட்டேன்.

"டாக்டர், துப்பாக்கி?"

அவர் சிரித்தார். "உதைக்காத துப்பாக்கி இருந்தா சுடுங்கம்மா."

தண்ணீர் நனைக்காத குளத்தில் குளி என்பது மாதிரி, வேடிக்கையாகத்தான் சொன்னார். அவருக்கு என்னைத் தெரியாது. உதைக்காத துப்பாக்கி என்று ஒன்று உண்டா இல்லையா என்பது தெரியாமல் எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

துப்பாக்கி உதைக்கும் என்பது அதைத் தொடாதவர்களுக்கும் தெரியும். ரவை முன்னால் போகிற வேகத்துக்குத் துப்பாக்கி பின்னால் வரும். அதன் பின்கட்டை தோளில் இடிக்கும். கிளப்பில் இருந்தது பழைய ரெட்டைக் குழல். ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தட்டு, இருபத்தைந்து இடி. எலும்பு நன்றாக இருந்த காலத்தில் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இனி முடியாது. எனக்கென்று வேறு துப்பாக்கி வேண்டும்.

லைசென்ஸுக்கு எழுதிப்போட்டு ஒரு வருஷம் ஆனது. தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ் என்று காகிதம் ஊர்வலம் போனது. விசாரிக்க வீட்டுக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, "எதைச் சுடப் போறீங்க?" என்றார்.

"தட்டை."

"யாரு வூட்டுத் தட்டை?"

பழவேற்காடு ஏரிக்கு வரும் வாத்தையும் நாரையையும் நான் தொட மாட்டேன் என்று அவரை நம்ப வைப்பதற்குள் இரண்டு டம்ளர் காபி காலியானது. கடைசியில் லைசென்ஸ் வந்தது. அதில் ஒரு நிபந்தனை: குறிப்பிட்ட நாட்களுக்குள் ஒரு துப்பாக்கியை வாங்கி அதில் பதிய வேண்டும். பதிந்தபின் பிடிக்கவில்லை என்று மாற்ற நினைத்தால் காகிதம் மறுபடி முதலிலிருந்து ஊர்வலம் போகும். ஆகவே ஒரே தடவைதான் தேர்ந்தெடுக்க முடியும்.

வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்றுபோயிருந்த காலம். யாராவது கைமாற்றினால்தான் உண்டு. கிளப் செக்ரட்டரி முன்வந்தார். திருவள்ளூரில் ரைஸ் மில் வைத்திருந்தவர், நல்ல மனிதர், தனக்குத் தெரியாதது உலகத்தில் இருக்கிறது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். தன்னிடம் இருக்கும் இரண்டு ரெட்டைக் குழல்களில் ஒன்றை எனக்குத் தருவதாகச் சொன்னார். தோளுக்கு ரப்பர் மெத்தை வைத்துத் தருகிறேன் என்றார்.

"ஆட்டோமேட்டிக்னு ஒண்ணு இருக்குதாமே, உதை கம்மியாம்" என்றேன்.

அவர் முகம் கோணியது. "டீச்சரம்மா, ரெட்டைக் குழலை மடிச்சுப் பிடிச்சா அம்பதடி தூரத்துல இருந்து பாக்குறவனுக்கும் தெரியும், உள்ள தோட்டா இல்லேன்னு. உங்க ஆட்டோமேட்டிக்கு உள்ள இன்னா கீதுன்னு அதுக்குத்தான் தெரியும். அது சுட்ட காலித் தோட்டாவைத் தூக்கி வெளிய எறியும், பக்கத்துல நிக்குறவன் மூஞ்சில. மழ நாள்ல நம்ம ஊர் காயிதத் தோட்டா உப்பிக்கினு உள்ளயே மாட்டிக்கும். மிஷினை நம்பிக் கெடாதீங்க."

அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை என்பதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. பத்திரம் பெரிய விஷயம். கிளப்பில் எங்கள் பழக்கமே, துப்பாக்கியை மடித்துக் கையில் தொங்கவிட்டபடிதான் நடப்பது. ஆனால் நான் கேட்டது உதையைப் பற்றி. உதை ஏன் குறையும் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததால் குறையாது என்று சொல்லிவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் திருநின்றவூரில் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். ரயில் என்ஜின் டிரைவராக இருந்து ரிடையர் ஆன ஆங்கிலோ இந்தியர். மகள் ஆஸ்திரேலியாவில் இருந்தாள். அவரும் மனைவியும் அங்கே போவதற்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கி மட்டும் மூட்டைக்குள் அடங்கவில்லை. பொன்னேரியிலிருந்து சென்ட்ரல் போய், அங்கே ரயில் மாறித் திருநின்றவூர் போனோம். வீடெங்கும் மரப்பெட்டிகள். அவர் மனைவி பீங்கான் தட்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் குயவர் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது.

டிரைவர் ஒல்லி. அறுபது தாண்டியவர். சட்டைக்குள் தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இந்தத் தோளே தாங்கியிருக்கிறதே என்பதுதான் எனக்கு முதல் தைரியம். படுக்கை விரிப்பின் மேல் துப்பாக்கியை வைத்து, உள்ளே காலி என்று எனக்கு விரல்விட்டுக் காட்டிவிட்டு, குழலின் நுனியைத் தரையில் ஊன்றி அமுக்கினார். குழல் உள்ளே போனது! முழுசாக, நாலு விரல் அகலத்துக்குப் பின்னால் நகர்ந்து போய், விட்டதும் வந்து நின்றது. துப்பாக்கிக் குழல் நகரும் என்று அதுவரை நான் கனவிலும் நினைத்ததில்லை.

"சுட்டா இப்படித்தான் பின்னாடி வரும், டீச்சர்" என்றார். "வரும்போது ஸ்பிரிங்கை அமுக்கும். ஸ்பிரிங் திரும்பித் தள்ளும்போது காலி தோட்டா வெளிய, புதுசு உள்ள. கூட்ஸ் வண்டியில பெட்டிங்க முட்டிக்குது இல்ல? நடுவுல பஃபர் இருக்கு, அதனால உள்ள இருக்குற சாமான் உடையாது. அதே கதைதான்."

"அப்போ தோட்டாவை மாத்துறது எது? எது அதுக்குப் பலம் குடுக்குது?"

"உதைதான் மேடம். வேற ஏது?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆறேழு வருஷமாக என் தோளில் வேலைவெட்டி இல்லாமல் வந்து இடித்துக்கொண்டிருந்த உதைக்கு, எவனோ ஒரு புண்ணியவான் ஒரு வேலை போட்டுக் கொடுத்திருக்கிறான்! வேலை செய்து களைத்த பிறகு மிச்சம் இருப்பதுதான் தோளுக்கு வரும். எவ்வளவு எளிமையான யோசனை! இதை யோசித்த ஆள் முன்னால் இருந்திருந்தால் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன். நான் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க, அவர் குழலுக்கு அடியில் இருந்த முன்கட்டையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் ஓர் இரும்புக் குழாய். அதைச் சுற்றி ஸ்பிரிங். ஸ்பிரிங் முனையில் ஒரு பித்தளை வளையம், ஒரு இரும்பு வளையம்.

"இந்த வளையம் எதுக்கு?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டார். பெட்டி மூடியில் ஆணி அடிக்க வேண்டுமாம். போய் அடித்துவிட்டு டீயோடு வந்தார். பேச்சு ஆஸ்திரேலியாவுக்குத் தாவி, வளையம் அப்படியே நின்றுபோனது. வரும் ஞாயிற்றுக்கிழமை தானே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளப்புக்கு வருவதாகவும், நான் சுட்டுப் பார்த்துப் பிடித்தால் என் பேருக்கு எழுதிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

ரயிலில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "உள்ள அந்தக் குழாய் காஞ்சி கெடக்குது. பாத்தியா? ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. பாவம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. டிரைவர் துப்பாக்கியை எங்களிடம் கொடுத்துவிட்டு, செக்ரட்டரியோடு டீ குடிக்கப் போய் ரயில்வேக் கதையில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்தார். முன்கட்டையைக் கழற்றினார். குழாயைத் துடைத்தார், வளையங்களைத் துடைத்தார், ஆலையில் உருளைக்குப் போடும் எண்ணெயை விரலால் தொட்டுத் தொட்டு, குழந்தைக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பதுபோல் ஆசையாகத் தடவினார். குழல் இப்போது வெண்ணெயில் போவது போலப் போனது. "இப்ப பாரு" என்றார். எனக்கு அவர்மேல் பெருமை பொங்கியது. இப்படி ஒரு மனிதர் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டே துப்பாக்கியை வாங்கினேன்.

முதல் தட்டு. சுட்டேன். தோளில் விழுந்தது உதை அல்ல, உலக்கை. கண் இருட்டியது. பயத்தில் நான்தான் கட்டையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்து, பற்களைக் கடித்துக்கொண்டு இரண்டாவது சுட்டேன். மூன்றாவதற்குக் கை எழும்பவில்லை. எலும்பு சேர்ந்த இடத்தில் நெருப்பு வைத்தது போல் இருந்தது. உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். துப்பாக்கியைக் காலி செய்து பெஞ்சில் வைத்துவிட்டு, இடது கையால் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதேன். அழுததுதான் தோளைவிட அதிகமாக வலித்தது.

செக்ரட்டரி வந்தார். "நான் சொன்னேனா இல்லியா? ரெட்டைக் குழலே இதுக்குத் தேவலாம்." டிரைவர் ஒன்றும் புரியாமல் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று எனக்குக் கோபம். நேரே போய் பஸ் ஏறிவிட்டேன். எலும்பு உடையவில்லை, வீக்கம்தான் என்று மறுநாள் டாக்டர் சொன்னார். அப்போது அவர் மூஞ்சியில் வந்த சிரிப்பைப் பார்த்து அங்கேயே முடிவு செய்தேன். லைசென்ஸ் காலாவதியாகட்டும். இனிச் சுடுவதில்லை.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னார். அந்தச் சரி எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு பேச்சுக்காவது ஏன் விடுகிறாய் என்று கேட்கக் கூடாதா?

ஆனால் என் புத்தி சும்மா இருக்காது. செவ்வாய்க்கிழமை பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துவிட்டு ஒற்றைக் கையால் விசிலடித்துக்கொண்டிருந்தபோது யோசனை வந்தது. அந்த ஒல்லி மனிதர் எப்படித் தாங்கினார்? உதை வேலை செய்த பிறகு மிச்சம்தான் வரும் என்றால், மிச்சம் எப்படி முழுசைவிடப் பெரிதாக இருக்க முடியும்? கணக்கு உதைக்கிறதே! குழல் பின்னால் வந்து எங்கோ போய் இடித்திருக்கிறது. அது இடிக்காமல் எது பிடித்து நிறுத்த வேண்டும்? அந்தப் பித்தளை வளையம் எதற்கு? கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு டிரைவருக்கு ஒரு கார்டு எழுதினேன். துப்பாக்கி எனக்கு வேண்டாம், வளையம் எதற்கு என்று மட்டும் தெரிவிக்கவும். பதில் வருவதற்கு முன்பே வேறொரு பதில் வீட்டிலிருந்து கிடைத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஏப்ரல் மாதப் புழுக்கம். ஆலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுகிற மனிதர், அன்று சட்டையோடு உட்கார்ந்திருந்தார். சோற்றைக் கிண்ணத்தில் போடச் சொல்லி இடது கையால் ஸ்பூனில் சாப்பிட்டார். கிணற்றில் தண்ணீர் சேந்தப் போனவர் பாதிக் கயிற்றில் நின்றுவிட்டார். நான் போய்க் கயிற்றை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். வலது தோளிலிருந்து மார்புப் பாதிவரை நாவல் பழம் நசுங்கியது போல் கருநீலம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆலையில் அப்போது யூனியன் தகராறு. "எவன் அடிச்சான்? சொல்லுங்க, எவன்?"

"யாரும் அடிக்கல."

"பின்ன?"

"துப்பாக்கி."

கயிற்றைக் கீழே விட்டேன். வாளி கிணற்றுக்குள் விழுந்தது. அவர் கிணற்று மேடையில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார். மின்வெட்டுக் காலத்தில் ஞாயிறு போக ஒவ்வொரு ஆலைக்கும் வாரத்தில் இன்னொரு நாள் விடுமுறை; அவருக்கு வியாழக்கிழமை. முந்தின நாள் அவர் ஆலைக்குப் போகவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பள்ளிக்கூடம் போனதும் அவர் திருநின்றவூர் போயிருக்கிறார்.

"எண்ணெய் போட்டேன்னு சொன்னேன். அந்தாளு நெத்தியில அடிச்சிக்கினாரு. அந்தப் பித்தளை வளையம் பிரேக்காம். காஞ்ச குழாயைக் கவ்விப் புடிச்சி, குழல் வர்ற வேகத்தைக் கொறைக்கிறதாம். 'பிரேக் கட்டைக்கு எண்ணெய் போட்ட மொத ஆளு நீதான் மேன்'னு சொன்னாரு." அவர் குரல் இறங்கியது. "இருவது வருசம் மிஷினோட குப்பை கொட்றேன். எது உருளணும், எது கவ்வணும்னு பாக்காம, ரெண்டு இரும்பு ஒரசுனா எண்ணெய்னு கை போயிடுச்சி. ஒன் எலும்பு போயிருந்தா?"

மண்ணெண்ணெய் விட்டுக் குழாயை இருவரும் துடைத்திருக்கிறார்கள். அதோடு முடியவில்லை. டிரைவர் பழைய வெளிநாட்டுத் தோட்டா வைத்துச் சுட்டவர். நம் கிளப் தோட்டாவின் பலத்துக்கு இரும்பு வளையத்தை ஸ்பிரிங்குக்கு முன்னால் போட வேண்டுமா, பின்னால் போட வேண்டுமா, அதன் சரிவான ஓரம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை. கூட வந்த காகிதம் எந்தப் பெட்டிக்குள் போனதோ. தெரிந்துகொள்ள ஒரே வழி சுட்டுப் பார்ப்பது. டிரைவர் தானே சுடுவதாகச் சொல்லியிருக்கிறார். இவர் விடவில்லை. டிரைவரையும் துப்பாக்கியையும் கூட்டிக்கொண்டு திருவள்ளூர் போய், செக்ரட்டரியைக் கெஞ்சி ஏரிக்கு அழைத்துப் போய், அவர் முன்னிலையில் வளையத்தை மாற்றி மாற்றிப் போட்டு இவரே சுட்டிருக்கிறார். இதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டே இராத மனிதர்.

"எத்தினி தடவை?"

"நாப்பது இருக்கும்."

"நாப்பதா! எத்தினி தட்டு வுழுந்துச்சி?"

"தட்டே போடல. கரையைப் பாத்துச் சுட்டேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "கடைசிப் பத்து உதைக்கல. வளையம் எப்படிப் போடணும்னு கண்டுபுடிச்சிட்டேன். ஆனா மின்ன பட்ட முப்பதுல ஏற்கெனவே ஒடம்பு நொந்து கெடந்துது. அதனால நெசமாவே உதைக்கலியா, எனக்கு மரத்துப் போச்சான்னு தெரியல. நீதான் பாக்கணும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மஞ்சளை அரைத்துச் சுடவைத்து அவர் தோளில் பற்றுப் போட்டேன். போடும்போது அவரை நன்றாகத் திட்டவும் செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரியில் எல்லோரும் இருந்தார்கள். டிரைவர் தன் கையாலேயே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்தார்; இந்த முறை அதைவிட்டு ஓரடி நகரவில்லை. செக்ரட்டரி கிண்டல் செய்யவில்லை. வியாழக்கிழமை பார்த்ததற்குப் பிறகு அவருக்கு என் வீட்டுக்காரரிடம் ஒரு மரியாதை வந்திருந்தது. "நைனா, இப்படி நிழலுக்கு வா" என்று அவருக்குத் தன் நாற்காலியைப் போட்டுக் கொடுத்தார். அவர் உட்காரவில்லை. எனக்குப் பின்னால், இரண்டு அடி தள்ளி நின்றார்.

தோட்டாவை உள்ளே போட்டேன். குரல் கொடுக்க வாய் வரவில்லை. பயம். பயம் என்பதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இன்னொரு அடி விழுந்தால் கை போனது, வேலை போனது. அவர் தோள் சொன்ன சாட்சியை என் தோள் நம்ப வேண்டும். குழலை ஏரிப் பக்கமே வைத்துக்கொண்டு, திரும்பாமல் கேட்டேன். வளையத்தைப் பற்றி, ஸ்பிரிங்கைப் பற்றி, குழல் ஏன் நகர்கிறது என்பதைப் பற்றி எல்லாரையும் குடைந்து குடைந்து கேட்டவள், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட இவரிடம் கேட்காத கேள்வி அது.

"இன்னாங்க, நான் சுடறது உங்களுக்குப் புடிக்குமா?"

"புடிக்காது" என்றார். யோசிக்கவே இல்லை.

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து. ஒவ்வொரு வெடிக்கும் ஒனக்கு இன்னாவோ ஆயிடுச்சின்னு திக்குனு இருக்கும்."

"அப்ப போன வாரம் நான் நிறுத்துறேன்னு சொன்னப்ப சரின்னு வுட்டிருக்கலாமே. எதுக்கு அந்த நாப்பது?"

ஏரியில் எல்லோரும் நான் குரல் கொடுப்பதற்காகக் காத்திருந்தார்கள். குழிக்குள்ளிருந்து யந்திரக்காரன் தலையை நீட்டிப் பார்த்தான். செக்ரட்டரி அவனை உள்ளே போகச் சொல்லிக் கத்தினார்.

"நிறுத்தறதுன்னா நீயா நிறுத்து" என்றார் அவர். "நான் போட்ட எண்ணெயால நீ நிறுத்தக் கூடாது."

கட்டையைத் தோளில் வைத்தேன். எலும்பு கோணலாய்ச் சேர்ந்த அதே இடத்தில் அது உட்கார்ந்தது. குரல் கொடுத்தேன், தட்டு பாய்ந்தது, சுட்டேன். தட்டு தூளானதா, முழுசாகப் போய் விழுந்ததா என்று பார்க்கத் தோன்றவில்லை. குழலை ஏரிப் பக்கமே பிடித்தபடி தலையை மட்டும் பின்னால் திருப்பினேன். அவர் தன் வலது தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கல" என்றேன்.